அத்தியாயம் 5: பட்டாவுக்குள் ஓடும் தண்ணீர்

ரமணாசிரமத்தின் பின்வாசல் வழியாக ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறுகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மூன்று இடங்களிலாவது கல்மேல் கால்வைத்துத் தண்ணீரைத் தாண்டியிருப்பார்கள். முழங்கால் ஆழம்கூட இராது. ஒரு வாரம் மழை விட்டால் பாறையில் ஈரக்கோடு மட்டும் மிஞ்சும். இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் கையைக் கீழே காட்டுவார்கள். கீழே என்றால் எங்கே?

மலையின் தெற்குச் சரிவில் பெய்வது, ஆசிரமத்தை ஒட்டிய பாலி தீர்த்தம் போன்ற குளங்களை நனைத்துவிட்டு, செங்கம் சாலையைக் கல்வெட்டுகளுக்கு அடியில் கடந்து, தெற்கே சமுத்திரம் ஏரிப் பக்கம் இறங்க வேண்டும். (சாலைக்கு அடியில் தண்ணீர் போகக் கட்டிய சிறுபாலத்துக்கு நம்மூரில் கல்வெட்டு என்றுதான் பெயர், ராஜராஜன் காலத்துக் கல்வெட்டைத் தேட வேண்டாம்.) ‘இறங்குகிறது’ என்று எழுதத்தான் ஆசை. ‘இறங்க வேண்டும்’ என்றே எழுத முடிகிறது.

மலை வனத்துறையிடம் இருக்கிற காப்புக்காடு. ஏரி அரசுடையது. இரண்டுக்கும் நடுவே ஓடை ஒருவர் பட்டாவில் நுழைந்து இன்னொருவர் பட்டாவில் வெளியேறி, அடுத்தவர் காம்பவுண்டில் முட்டி நிற்கிறது. மலையில் 1980களின் கடைசியிலிருந்து மரம் நட்டு வருகிறார்கள். கோடையில் தீப்பிடித்தால் அணைக்க இளைஞர்கள் ஓடுகிறார்கள். ஏரிக்குத் தூர்வார அவ்வப்போது பணம் வருகிறது. நடுத்துண்டு மட்டும் யாருடைய திட்டத்திலும் இல்லை. அந்த நடுத்துண்டின் சொந்தக்காரர்களோடு எப்படிப் பேசுவது என்பதற்காக இந்த அத்தியாயம்.

‘ஓடை’ என்று ஆரம்பிக்காதீர்கள்

நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். சில வருடங்களுக்கு முன், பெரும்பாக்கம் சாலைப் பக்கம் ஓர் அரை ஏக்கர். மேல்மூலையில் நுழைந்து கீழ்மூலையில் வெளியேறும் ஓடை. கரையில் நொச்சி, இரண்டு புங்கமரம். சொந்தக்காரர் வெளியூர். அன்றைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு நான்கு பேர் போனோம், கையில் அச்சடித்த துண்டுப் பிரசுரத்தோடு. வணக்கம் சொன்ன கையோடு, “சார், உங்க நிலத்துல ஓடை ஒண்ணு போகுது, அதைக் காப்பாத்தணும்” என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “ஓடையா? எது ஓடை? என் பத்திரத்துல ஓடையே கிடையாது. யாரு உங்கள அனுப்புனது?” பிரசுரத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

பத்து நாள் கழித்துப் போனபோது ஜேசிபி வந்துபோன தடம் இருந்தது. ஓடை இருந்த இடத்தில் செம்மண் நிரவி, நாலு பக்கமும் கல்கால் நட்டிருந்தார்கள். புங்கமரங்களும் இல்லை. நாங்கள் போகாமல் இருந்திருந்தால் அந்த ஓடை இன்னும் சில வருடமாவது உயிரோடு இருந்திருக்கும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

என்ன நடந்தது என்று பக்கத்து நிலத்துப் பெரியவர்தான் புரியவைத்தார். “தம்பி, நீங்க ஓடைன்னு சொன்னீங்க, அவரு காதுல பொறம்போக்குன்னு வுழுந்துச்சு. நாளைக்கு சர்வேயர் வருவான், கல்லு நடுவான், பட்டா போயிரும்னு பயந்துட்டாரு. தடமே இல்லாம பண்ணிட்டா யாரு கேக்க முடியும்?”

நிலக்காரருக்குத் தண்ணீர்மேல் பகை கிடையாது. ஓடை என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிற மற்றதெல்லாம்தான் அவரைக் கலக்குகிறது: நீர்நிலை என்று எழுதிவிட்டால் சார்பதிவாளர் பத்திரம் பதியமாட்டார், வங்கியில் வக்கீல் கருத்துக் கேட்டுக் கடனை நிறுத்திவிடுவார்கள், வாங்க வருகிறவன் விலையைப் பாதியாக்குவான். நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளில் நீதிமன்றங்கள் கடுமையாகப் பேசுவதைச் செய்தித்தாளில் படிக்கிறார். 2024இல் திருவண்ணாமலை மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஒவ்வொரு சென்டும் கையில் பிடித்த காசு. இந்த நிலையில் முன்பின் தெரியாத நான்கு பேர் வந்து ‘உங்கள் நிலத்தில் ஓடை’ என்றால் அவர் வேறு எப்படி நடந்துகொள்வார்?

ஆகவே முதல் சந்திப்பில் ‘மழைத்தண்ணி போற வழி’ என்றே சொல்லுங்கள். அதையும் கேள்வியாகக் கேளுங்கள். “மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கமா வருதுங்க? வரப்பு தாங்குதா?” தன் நிலத்தில் தண்ணீர் வருகிற வழியைச் சொல்வதில் எந்த விவசாயிக்கும் தயக்கம் இருந்து நான் பார்த்ததில்லை. மேல்மூலையில் நுழைவது, எந்த வருடம் எந்த மரம் வரை நின்றது, கிணறு எத்தனை நாளில் ஊறியது, எல்லாம் அவரே சொல்வார். நீங்கள் சொல்ல நினைத்ததை அவர் வாயால் கேட்டுக்கொண்டு வந்தால் போதும். முதல் நாள் அதற்குமேல் எதுவும் கேட்காதீர்கள். இரண்டு பேருக்குமேல் போகாதீர்கள். போட்டோ எடுக்காதீர்கள், கைபேசியை வெளியே எடுத்தாலே அளவெடுக்க வந்தவர்கள் என்று நினைப்பார்.

போவதற்குமுன் பார்க்க வேண்டிய காகிதம்

நிலக்காரருக்குத் தெரிந்த அளவாவது அவர் நிலத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சர்வே எண் தெரிந்தால் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்தில் பட்டா, ‘அ’ பதிவேடு, எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்லும் புலப்படம் ஆகியவற்றைப் பார்க்கலாம். நகர அளவைக்குள் வந்துவிட்ட இடங்களுக்கு நகர நில அளவைப் பதிவேடு தனி.

பார்த்தபின் உங்கள் ஓடை மூன்றில் எந்த வகை என்று தெரிந்துவிடும். ஒன்று, தனி சர்வே எண்ணோ உட்பிரிவோ போட்டு ‘ஓடை’ அல்லது ‘வாய்க்கால்’ என்று அரசுப் புறம்போக்காகவே பதிவானது. இரண்டு, புலப்படத்தில் பட்டா நிலத்தின் குறுக்கே கோடாக வரைந்திருப்பது. பரப்பு பட்டாவுக்குள்ளேயே சேர்ந்திருக்கும். மூன்று, எந்தத் தாளிலும் இல்லாதது. மழை பெய்தால் மட்டும் இருப்பது.

முதல் வகையில் நிலக்காரர் சொந்தக்காரரே கிடையாது, பக்கத்துக்காரர். இரண்டாம், மூன்றாம் வகைதான் இந்த அத்தியாயத்துக்கு உரியவை. ரமண நகரிலிருந்து தெற்கும் மேற்கும் நடந்தால் மூன்றாம் வகையைத்தான் நிறையப் பார்ப்பீர்கள். மலையடிவாரத்து ஓடைகள் பிடிவாதம் இல்லாதவை. பத்து வருடத்துக்கு ஒருமுறை பத்தடி நகர்ந்துகொள்ளும். சர்வேக் கோடு நகராது.

இப்போதைய பதிவேடுகள் 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்னும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டில் திருத்தி எழுதப்பட்டவை. சந்தேகம் வந்தால் அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அந்த வரைபடத்தை மடித்துப் பையில் வையுங்கள். நிலக்காரர் முன்னால் விரிக்காதீர்கள்.

நிலக்காரரின் பழைய பத்திரம் கையில் கிடைத்தால் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரங்களில் நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று எட்டு வகைப் போகங்களை வரிசையாக எழுதி விற்றிருப்பார்கள். புதையல், தண்ணீர், மரம், கல் எல்லாம் சேர்த்து. ‘ஜலமும் எனக்குத்தான் எழுதியிருக்கு’ என்று சிலர் சொல்வது இதை வைத்துத்தான். அதே பத்திரத்தில் சற்றுக் கீழே ‘மாமூல் வழிநடை பாத்தியம், வாய்க்கால் பாத்தியம்’ என்றும் இருக்கும். முன்னது போகம், பின்னது மற்றவர்களோடு பங்கிட்ட உரிமை. இரண்டையும் சேர்த்தேதான் அவருடைய தாத்தா வாங்கினார் என்பதை மெதுவாக எடுத்துச் சொல்லலாம்.

யாரோடு பேசுகிறீர்கள்

இந்தப் பகுதியில் இன்னும் நிலக்கடலையோ நெல்லோ போடுகிற குடும்பங்கள் குறைவு. அவர்களிடம் முதலில் போங்கள். ஓடையின் பயன் அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாறை நாடு இது. கிணறு ஊறுவது மேல்பக்கத்துத் தண்ணீர் நின்று போவதால்தான் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய மனக்குறை வேறு. ஆத்தியந்தல் பக்கத்தில் ஒரு விவசாயி என்னைக் கூட்டிப்போய் வரப்பைக் காட்டினார். தண்ணீர் பாட்டில், அன்னதானத் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர், இன்னும் எழுதக் கூசுகிற பொருள்கள். கிரிவலப் பாதையிலிருந்து மழை அள்ளிக்கொண்டு வந்தவை. “மேல இருக்குறவன் செப்டிக் டேங்க தொறந்து வுடுறான். அதுக்கும் நான் வழி வுடணுமா?” என்றார்.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னது நியாயம். மேலே உள்ள விடுதியின் கழிவுநீரை நிறுத்தாமல், கீழே உள்ள விவசாயியிடம் ஓடையைத் திறந்துவிடு என்று கேட்கும் யோக்கியதை நமக்குக் கிடையாது. ஆகவே வரிசை இதுதான்: முதலில் மேல்பக்கம். சாலையோரக் கல்வெட்டின் வாயில் குப்பை பிடிக்கக் கம்பிச் சட்டம் ஒன்று வைத்து, ஒவ்வொரு பௌர்ணமிக்கு மறுநாளும் அதைச் சுத்தம் செய்ய ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, அதன்பின் விவசாயியிடம் போங்கள். சட்டம் வைத்துவிட்டுச் சுத்தம் செய்யாவிட்டால் அதுவே அணையாகிச் சாலையில் தண்ணீர் ஏறும். அந்தப் பழியும் உங்கள்மேல் விழும்.

மனை வாங்கிப் போட்டவர்கள் இரண்டாவது. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில் இருப்பார்கள். வருடத்தில் இரண்டு நாள் வருவார்கள். அவர்களுக்கு அந்த நிலம் ஓர் எண். அது சமமாகவும் சதுரமாகவும் இருக்க வேண்டும். அவர்களைப் போனில் பிடித்து இயற்கையைப் பற்றிப் பேசுவது வீண். நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர் என்று ஒருவர் உள்ளூரில் இருப்பார்: காவல்காரர், மேஸ்திரி, சில சமயம் விற்றுக்கொடுத்த புரோக்கரே. மண் எங்கே கொட்டுவது, சுவரை எந்தப் பக்கம் எழுப்புவது என்று முடிவெடுப்பவர் அவர்தான். புரோக்கர் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். எனக்குத் தெரிந்து மூடாமல் தப்பிய இரண்டு ஓடைகளைக் காப்பாற்றியது ஒரு புரோக்கர். ‘இந்த வழிய மூடுனா அடுத்த மழைக்குப் பக்கத்து வூட்டுக்காரன் கேஸ் போடுவான், அப்புறம் மனை விக்காது’ என்று அவர் சொன்ன ஒரு வாக்கியம் எங்களுடைய பத்துக் கூட்டங்களைவிட அதிக வேலை செய்தது.

ஆசிரமங்கள், அறக்கட்டளைகள்: நல்ல வார்த்தை சொல்வார்கள், முடிவெடுக்க நாளாகும். நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். வெளிநாட்டு அன்பர்கள் ஆர்வமாக ஓடிவருவார்கள். ஆனால் அந்நியக் குடிமக்கள் இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது என்பதால் பட்டா வேறு யார் பெயரிலோ இருக்கும். அந்தப் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மனைப்பிரிவு போடுகிறவரிடம் என்றால், வரைபடம் அனுமதிக்குப் போவதற்குமுன் பேசியாக வேண்டும். அனுமதி வந்து கல் நட்டபிறகு பேசுவது வெறும் மனத்திருப்திக்கு.

பக்தியைப் பற்றி ஒரு வார்த்தை. ‘இந்த மலையே சிவன், இங்கே ஓடுவது தீர்த்தம்’ என்று பேசினால் நிலக்காரர் உருகுவார் என்று புதிதாக வருகிற தொண்டர்கள் நினைக்கிறார்கள். உருகுவார், உண்மைதான். கையெடுத்துக் கும்பிடுவார். பிறகு சுவரை எழுப்புவார். மலைமேல் இருக்கிற அதே பக்தியோடு மலைத்தண்ணீரின் வழியில் வாசற்படி கட்டியவர்களை நான் பெயரோடு சொல்ல முடியும், சொல்லப்போவதில்லை. அக்கினித் தலத்தில் தண்ணீருக்காக வாதாடுகிறோம் என்று நண்பர் ஒருவர் கேலி செய்வார். கிணறு, வரப்பு, சுவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று பேசுங்கள். தெய்வத்தை நடுவில் இழுக்காதீர்கள்.

எவ்வளவு கேட்கலாம்

‘ஓடைக்கு இடம் விடுங்கள்’ என்றால் நிலக்காரர் மனத்தில் பாதி நிலம் போய்விடும். கணக்கைச் சென்டில் சொல்லுங்கள். ஓடை எட்டடி அகலம், இரு கரையிலும் ஆறாறு அடி செடிகொடிக்கு என்றால் இருபதடி. நிலத்துக்குள் அது நூறு அடி நீளம் ஓடினால் 2,000 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக நாலரைச் சென்டுக்குக் கொஞ்சம் மேல். அரை ஏக்கர்க்காரருக்கு இது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலும் அந்த இடம் எப்படியும் மழைக்கு நனைந்து சேறாகிற இடம். வீடு கட்ட உதவாது.

இதே கணக்கை ஐந்து சென்ட் மனைக்காரரிடம் சொன்னால் அடிக்க வருவார். மொத்தமே 2,178 சதுர அடிதானே. அவரிடம் கரையைக் கேட்காதீர்கள், தரையைக் கேளுங்கள்: எட்டடி அகலத்தை மட்டும் திறந்து விடவும், சுவர் கட்டினால் அந்த எட்டடிக்குக் கம்பிக் கிராதி வைக்கவும்.

“குழாய் போட்டு விட்டுடறேனே, மேல மண்ணப் போட்டு மூடிக்கறேன்” என்பார். இது அடிக்கடி வரும் பதில். அப்போது தரையில் குச்சியால் வரைந்து காட்டுங்கள். எட்டடி அகலம், மூன்றடி ஆழமுள்ள ஓடையின் வாய் இருபத்துநாலு சதுர அடி. ஓரடிக் குழாயின் வாய் முக்கால் சதுர அடி சொச்சம். முப்பதில் ஒரு பங்கு. மீதி இருபத்தொன்பது பங்கு எங்கே போகும்? சுவரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வரும், அல்லது பக்கத்து வீட்டுக்குப் போகும். அந்த முக்கால் சதுர அடி வாயையும் ஒரு தென்னைமட்டையும் நாலு பாட்டிலும் அடைத்துவிடும்.

தண்ணீரின் அளவையும் கைக்கு எட்டும்படி சொல்லுங்கள். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஏறக்குறைய நாற்பதாயிரம் லிட்டர். மேலே பத்து ஏக்கர் சரிவு, ஒரே இரவில் ஐந்து சென்டிமீட்டர் பெய்தால் இருபது லட்சம் லிட்டர். பாதி மண்ணில் இறங்கினாலும் பத்து லட்சம் லிட்டர் அவர் வேலியைத் தேடி வருகிறது. பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் எண்பது நடைக்கு மேல். கோடையில் ஒரு லாரிக்கு என்ன கொடுக்கிறார் என்பது அவருக்கே தெரியும்.

கரைக்கு என்ன நடலாம் என்று கேட்டால் நொச்சி, வெட்டிவேர், தண்ணீர் நிற்கிற இடமானால் நீர்மருது, நாவல். கரையைச் சிமென்ட் வைத்துப் பூசக் கூடாது. அரிப்பு இருந்தால் காரையில்லாமல் கல் அடுக்கினால் போதும். தண்ணீர் ஊடே கசிந்து போக வேண்டும். ‘தடுப்பணை கட்டித் தாங்க’ என்று சில நிலக்காரர்கள் உற்சாகமாகக் கேட்பார்கள். சற்று யோசியுங்கள். உயரமாகக் கட்டினால் கீழ்நிலத்துக்காரரின் தண்ணீரை நிறுத்தியதாகும், மேல்நிலத்தில் தேங்கியதாகும். இரண்டு பேரையும் பகைத்துக்கொண்டு ஒருவரைச் சந்தோஷப்படுத்துவதில் அர்த்தமில்லை. ஓடைக்குப் பக்கத்தில் பண்ணைக்குட்டை வெட்டி, வெள்ளத்தில் வழிகிறதை மட்டும் அதில் திருப்புவது நல்லது.

வெளிநாடுகளில் இதற்குக் காசு கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய திட்டத்தின்கீழ், உழவர்கள் ஓடைக்கரை போன்ற நிலத்தைப் பத்துப் பதினைந்து வருடத்துக்குச் சாகுபடியிலிருந்து ஒதுக்கி வைத்தால் அரசு வருட வாடகை தருகிறது. நியூயார்க் நகரம் 1997இல், தன் குடிநீர் வருகிற கேட்ஸ்கில் மலைப்பகுதி ஊர்களோடும் நிலக்காரர்களோடும் ஒப்பந்தம் போட்டது. பெரிய வடிகட்டும் ஆலை கட்டுவதைவிட, மேலே உள்ளவர்களின் ஓடைகளையும் கழிவுத் தொட்டிகளையும் சீர்செய்யப் பணம் கொடுப்பது மலிவு என்று கணக்குப் பார்த்தார்கள். அங்கேயும் ஆரம்பத்தில் நிலக்காரர்கள் நகரத்தை நம்பவில்லை. நம்மிடம் கொடுக்க வாடகை இல்லை. ஆள், கல், நாற்று உண்டு. ஏரி வண்டல் எடுக்க அனுமதி வாங்கிக் கொடுக்க அலுவலகத்துக்கு நடக்கும் கால்கள் உண்டு. விவசாயிக்கு இந்தக் கடைசி உதவி பெரிது. வெறுங்கையோடு மட்டும் இரண்டாம் முறை போகாதீர்கள்.

சட்டத்தைக் கடைசியில் எடுங்கள்

கையில் இருப்பது தெரியாமல் எதை எடுப்பது? 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஆறு, ஓடை, ஏரிகளின் படுகையை அரசின் சொத்து என்கிறது, தனியாருக்கு உரியவை நீங்கலாக. ஆகவே புறம்போக்கு ஓடைக்கு அது பொருந்தும். பட்டாவுக்குள் உள்ளதற்கு நேராகப் பொருந்தாது. 2007இல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஏரிகளுக்கு உரியது. பட்டா ஓடைக்கு உதவுவது நூற்றைம்பது வருடத்தை நெருங்குகிற ஒரு சட்டம்: 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். அதன் 7ஆம் பிரிவு உதாரணங்களோடு சொல்லும் விஷயம் எளிது. இயற்கை ஓடை யார் நிலத்தின் வழியே ஓடுகிறதோ, அவர் அதன் அளவையோ திசையையோ வேகத்தையோ பெரிதாக மாற்றாமல் அடுத்தவர் எல்லைக்கு விட வேண்டும். குறிப்பிட்ட வாய்க்கால் இல்லாமல் பரவி வரும் மழைத்தண்ணீரையும் கீழ்நிலத்துக்காரர் இயல்பாக வழிய விட வேண்டும். ஓடை தாளில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது இல்லை இது.

இந்தப் பிரிவை மிரட்டலாகச் சொன்னால் அவரும் வக்கீலைப் பார்ப்பார். ஆறுதலாகச் சொல்ல முடியும். ‘ஓடை உங்க பட்டாவுக்குள்ள இருக்குன்னு ஒத்துக்கறதால பட்டா ரத்தாகாது. இந்தச் சட்டம் உங்களுக்கும் காவல். மேல இருக்குறவர் மண்ணக் கொட்டித் தண்ணிய உங்க வீட்டுப் பக்கம் திருப்புனா நீங்களும் கேட்கலாம்.’ ஆனால் ‘அரசு எதுவும் செய்யாது’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அரசுக்காக வாக்குக் கொடுக்க நாம் யார்? புறம்போக்கு ஓடையில் கட்டிவிட்டவரிடம் பொய்யாக ஆறுதல் சொல்லவும் கூடாது. அவர் கேட்டால் உண்மையைச் சொல்லிவிட்டு, அதற்குமேல் பேச்சை வளர்க்காமல் எழுந்துவிடுங்கள்.

ஒத்துக்கொண்டதை எழுதி வாங்குவது பற்றி. வெள்ளைத்தாளில் இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திடுவது நல்ல பழக்கம், மறதிக்கு மருந்து. ஆனால் நிலத்தின்மேல் ஓர் உரிமையை உண்டாக்கும் ஆவணம் பதிவு செய்யப்படாவிட்டால் நீதிமன்றத்தில் நிற்காது. எந்த நிலக்காரரும் முதல் வருடத்தில் பதிவு அலுவலகத்துக்கு வரமாட்டார், வரச்சொல்லவும் வேண்டாம். நிலம் கைமாறும்போது புதுக் கிரயப் பத்திரத்தில் ‘மழைநீர் வழிக்கு உட்பட்டு’ என்று ஒரு வரி சேர்க்கச் சம்மதம் கேளுங்கள். அந்த ஒரு வரிக்காக இரண்டு வருடம் உறவாடலாம். மேல்நிலம், நடுநிலம், கீழ்நிலம் மூவரையும் ஒரே திண்ணையில் உட்காரவைக்க முடிந்தால் அதைவிடப் பெரிய பத்திரம் இல்லை.

2024க்குப் பிறகு பேச்சின் தொனியே மாறிவிட்டது. அந்த வருடம் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள், டிசம்பர் 1 மாலை, மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து வீட்டின்மேல் விழுந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அது நகரத்துப் பக்கம் நடந்தது. ரமணாசிரமப் பகுதியில் இல்லை. ஆனால் மலையைச் சுற்றி எந்த நிலக்காரரிடம் பேசினாலும் அந்த மாலை நினைவில் இருக்கிறது. சிலர் ஓடையைத் திறந்து விட்டார்கள். சிலர் தண்ணீர் தங்கக் கூடாது, சீக்கிரம் ஓடிப்போகட்டும் என்று சிமென்ட் கால்வாய் கட்டிக்கொண்டார்கள். இரண்டும் ஒரே பயத்திலிருந்து வந்தவை. சிமென்ட் கால்வாயில் வேகமாக வரும் தண்ணீர் அடுத்த நிலத்துக்காரரை அறையும் என்பதைச் சொல்ல வேண்டியது நம் வேலை. அந்த ஏழு பேரின் சாவை வாதத்துக்கு எடுக்காதீர்கள். நிலக்காரரே எடுத்தால் கேட்டுக்கொண்டிருங்கள்.

இனி நாள் பார்ப்பது. பௌர்ணமி அன்று போகாதீர்கள். நிலத்தில் வண்டி நிறுத்த இடம்விட்டுக் காசு வாங்குவதில் அவர் மும்முரமாக இருப்பார். தீபத்துக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் ஊரே நம்முடையது இல்லை. சித்திரை வெயிலில் ஓடை என்றால் யாருக்கும் நினைவே வராது. ஆடி, ஆவணியில் அறிமுகமாகிக்கொள்ளுங்கள். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்கிற அன்று, விட்டபிறகு இல்லை, பெய்துகொண்டிருக்கும்போதே போங்கள். குடை எடுத்துக்கொள்ளுங்கள், அவருக்கும் ஒன்று. அவரோடு மேல்மூலை வரை நடந்துபோய்த் தண்ணீர் உள்ளே வருவதைப் பாருங்கள்.